துறைமுகத் தூதனின் முன்செய்தி முறை

அச்சு யந்திரம் தோன்றிய நாள்முதல் உலகப் பத்திரிகைகள் அனைத்தும் ஒரே தவறைச் செய்துவந்தன. சம்பவம் நடந்த பிறகுதான் செய்தி எழுதின! இந்த மூடப்பழக்கத்தை ஒழித்த பெருமை, 1961-ம் ஆண்டு மட்டாஞ்சேரியில் வெளிவந்துகொண்டிருந்த 'துறைமுகத் தூதன்' தமிழ்த் தினசரியையும், அதன் உதவி ஆசிரியர் அனந்தநாராயணனையுமே சேரும்.

பெருமைக்குக் காரணம் ரயில். பாலக்காட்டுக்குப் போகும் பத்திரிகைக் கட்டு எறணாகுளத்தில் ரயிலேற வேண்டுமானால் பத்திரிகையை மத்தியானமே முடித்தாக வேண்டும். கூட்டங்களோ சாயங்காலம் நடக்கும். ஆகவே அனந்தநாராயணன் அழைப்பிதழைப் பார்த்தே 'மக்கள் வெள்ளம்', 'பலத்த கரகோஷம்' எல்லாவற்றையும் எழுதிவிடுவார். ஒருமுறை வைப்பின் தீவிலிருந்து வரவேண்டிய தலைவர் படகைத் தவறவிட்டு வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டார். மறுநாள் அவரே ஆபீசுக்கு வந்து, "இவ்வளவு நன்னா நான் பேசினதே இல்லே" என்று கண்கலங்கினார்.

இப்படிப்பட்ட மேதை மிளகு மண்டிக்கு மேலே, ஓட்டை விசிறிக்குக் கீழே எத்தனை நாள் கிடப்பது? அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம், பத்திரிகைத் தொழிலில் புதுமை கண்டவருக்கு ஓராண்டு 'பெல்லோஷிப்' தருவதாக அறிவித்தது. அனந்தநாராயணன் விண்ணப்பித்தார். 'முன்செய்தி முறை' என்று அதற்கு நாமகரணமும் செய்தார். எறணாகுளத்தில் பேட்டி என்று கடிதம் வந்ததும் ராத்தூக்கம் போயிற்று. பாவம், அந்த மனுஷருக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது.

பேட்டிக்கு முந்தின நாள் சீனியம்மாள் படியேறி வந்தாள். பத்திரிகை முதலாளி நீலகண்டனுக்குச் சொந்தமான கிடங்கில் மகள் வீரலட்சுமியோடு சுக்கு புடைப்பவள்.

"கிடங்குச் சொவரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கி, சாமி. நாளைக்குப் பத்து மணிக்குக் கட்டடம் பாக்குத இன்ஸ்பெக்டர் வாறாராம். அவரு பாத்துச் சொல்லுத வரைக்கும் நாங்க ஒருத்தியும் உள்ள போவமாட்டோம். இதப் பேப்பர்ல போடுங்க."

"போட்டுடலாம், போட்டுடலாம்" என்று அனுப்பிவிட்டு, அனந்தநாராயணன் நீலகண்டனிடம் ஓடினார். சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அந்த நீலகண்டன்தான்.

"ஓய், பத்து மணிச் சோதனையை விடியக்காலைப் பேப்பர்லேயே போட்டா என்ன?" என்றார் நீலகண்டன். "அமெரிக்காக்காரன் அசந்து போவான், கேட்டேரா?"

"இன்ஸ்பெக்டர் என்ன சொல்லுவார்னு..."

"சுவர் உறுதியா இருக்குன்னு சொல்லுவார். வேறென்ன சொல்லுவார்?"

கையெழுத்து விழுந்தது. செய்தியும் விழுந்தது: 'இன்று காலை நடைபெற்ற சோதனையில், கிடங்கின் சுவர் மிக உறுதியாக உள்ளதென இன்ஸ்பெக்டர் திருப்தி தெரிவித்தார். தொழிலாளப் பெண்கள் மகிழ்ச்சி ஆரவாரம் செய்தனர்.'

மறுநாள் பேட்டியில் வெள்ளைக்காரப் பேராசிரியர் பத்திரிகையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்; மணி இன்னும் பத்தாகவில்லை.

"உங்கள் முறையில் பிழை நேர்ந்தால்?"

"நேராது ஐயா. எங்கள் ஊரில் சம்பவங்கள் பத்திரிகை படிக்கின்றன."

பேராசிரியர் அதை அப்படியே குறித்துக்கொண்டு, எழுந்து கைகுலுக்கினார். "உமக்குத்தான்" என்றார். அனந்தநாராயணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

படகுத்துறைக்கு வந்தால், மட்டாஞ்சேரிப் படகிலிருந்து இறங்கி வருகிறார் இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம்!

"ஸ்வாமி, பேஷ்! நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியிருக்கேளே. அங்கே இறங்கினதும் சாயாக்கடையில பேப்பர் பார்த்தேன்."

"கிடங்குக்குப் போனேளா?"

"எதுக்கு? சோதனைதான் முடிஞ்சாச்சே! அச்சிலே வந்ததுக்கு மாறா நான் ஏதாவது சொல்லி வச்சா நன்னாவா இருக்கும்? ஒரு சாயா குடிச்சுட்டு அடுத்த படகிலே திரும்பிட்டேன்."

அனந்தநாராயணன் புளகாங்கிதம் அடைந்தார். அரசாங்கமே முன்செய்தி முறைக்கு வந்துவிட்டதே! பேராசிரியருக்கு எழுதவேண்டிய அடுத்த கட்டுரையைப் படகிலேயே மனசுக்குள் ஆரம்பித்தும்விட்டார்.

மட்டாஞ்சேரியில் இறங்கியபோது ஜனங்கள் கிடங்குப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அழைப்பிதழ் அச்சடிக்காமலே நிஜமான மக்கள் வெள்ளம். சுவர் இருந்த இடத்தில் செங்கல் மேடு. அதன்மேல் ஆண்கள் மண்வெட்டியோடு. நீலகண்டன் ஓரமாக நின்று, "அதொண்ணும் சாரமில்லே, பெரிசு பண்ணாதேயும். மழைதான் காரணம்னு நாளைக்குப் போட்டுடும்" என்றார். அன்று மழையே இல்லை.

தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு சீனியம்மாள் அவரைக் கண்டுவிட்டாள். ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"வாசல்லதான் ஒக்காந்திருந்தோம், சாமி. மொதலாளி உங்க பேப்பரக் கொண்டாந்து காமிச்சாரு. இன்ஸ்பெக்டர் பாத்தாச்சு, சொவரு உறுதியா இருக்குன்னு நீங்க எழுதினத வாசிச்சாரு. எம்மவதான் மொதல்ல உள்ள போனா. இன்னும் வெளிய எடுக்கல."

பிடித்த கையை அவள் விடவில்லை.

"வீரலட்சுமி உசுரோட இருக்கான்னு எழுதுங்க, சாமி. நீங்க எழுதின சொவர நம்பினேன்லா? இதையும் நம்புதேன்."