நல்லி எலும்பும் சம்பங்கி மாலையும்

ஈஸ்வரபாண்டியின் செல்போனுக்கு வந்த படத்தில் ஈஸ்வரபாண்டியே இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரு நல்லி எலும்பைப் பிடித்து, உலகத்தை மறந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் குழம்பு. முன்னால் இலை நிறையச் சோறு. பின்னால் வருசநாட்டுக் கருப்பசாமி கோயில் புளியமரம், சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

அனுப்பியவர் அவருடைய நண்பர் சுந்தர்ராஜ். தேனி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: "பஜார் கல்யாண மண்டபத்துல போட்டோ கண்காட்சி நடக்குது அண்ணே. நாலடிக்கு மூணடி படம். வாசல்ல நுழைஞ்சதும் நீங்கதான் நிக்கிறீக. ஊருக்கே பெருமை."

ஈஸ்வரபாண்டி அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

அந்த எலும்பு அவர் தொட்டிருக்கவே கூடாத எலும்பு. தடை போட்டது டாக்டர் அல்ல, மனைவி பவானி. எட்டு மாதத்துக்கு முன்னால் ஈஸ்வரபாண்டியின் அக்கா மகாலட்சுமி, நேர்த்திக்கடனுக்காகக் கருப்பசாமிக்குக் கெடாவெட்டு வைத்தார். பத்திரிகையை நேரில் கொண்டுவராமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அதிலும் குடும்ப குரூப்பில், நூற்றுப் பதினாறு பேரோடு பேராக. பவானி அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"வாசலை மிதிச்சு, வெத்தலை பாக்கு வச்சு அழைக்காத விசேஷத்துக்கு இந்த வீட்டுல இருந்து ஒரு ஈ காக்கா போகக் கூடாது. போனா, அங்கனயே இருந்துக்கிறணும்."

ஈஸ்வரபாண்டி ஈயும் இல்லை, காக்காயும் இல்லை. ஆனால் இருப்பது ஒரே அக்கா. மூன்று நாள் தூக்கமில்லாமல் யோசித்தார். போடியில் ஏலக்காய் மண்டி மேலாளர் என்பதால், மலைக்கு மேலே ஏலத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருசநாட்டு பஸ்ஸில் ஏறினார். முதல் பந்தியில் உட்கார்ந்தார், எழுந்தார், கை கழுவினார், வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். நல்லவேளையாக அன்று பவானியும் கடமலைக்குண்டில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் இரண்டு பேருக்குமே பசியில்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பவானி கோபம் வந்தால் சண்டை போடுகிற ஆள் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவாள். நாத்தனாரோடு பேச்சை நிறுத்தி எட்டு மாதம் ஆயிற்று. அதே எட்டு மாதம் தன் தலையில் விழுந்தால் என்ன ஆவது என்று ஈஸ்வரபாண்டி நினைத்துப் பார்த்தார். காலையில் பல் விளக்கும்போது ஆரம்பிக்கும் அவள் குரல் இல்லாவிட்டால் அவருக்குக் காப்பி கூட இறங்காது.

அந்தக் குரல் அடுப்படியிலிருந்து வந்தது.

"என்னாங்க, மண்டபத்துல போட்டோ கண்காட்சியாம். பக்கத்து வீட்டு ஜெபஷீலா சொன்னா. சாயங்காலம் போயிட்டு வாரேன்."

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் பவானி பார்த்த ஒரே கண்காட்சி சித்திரைப் பொருட்காட்சி. அதுவும் டெல்லி அப்பளத்துக்காக. ஈஸ்வரபாண்டி புழுக்கம் என்றார், கூட்டம் என்றார், படத்தையெல்லாம் செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"நீங்க வர வேணாம். நான் மட்டும் போய்க்கிறேன்" என்றாள் பவானி.

தனியாகப் போகிறேன் என்கிறாள் என்றால் யாரோ வத்தி வைத்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். நானும் வருகிறேன், மண்டியிலிருந்து நேராக ஐந்து மணிக்கு வந்துவிடுகிறேன் என்றார் ஈஸ்வரபாண்டி. அதைக் கேட்டதும் அவள் முகம் ஏனோ சுருங்கியது.

அன்று மண்டிக்கு அரைநாள் லீவு. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் மண்டபத்தில் நின்றார். படங்களை எடுத்த பிரின்ஸ் என்கிற இளைஞர் அவரைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். போடிக்காரர். இரண்டு வருடமாகக் கம்பத்துத் திராட்சைப் பந்தல், சுருளி அருவி, கோயில் கொடை என்று பள்ளத்தாக்கு முழுக்க அலைந்து நாற்பது படம் மாட்டியிருந்தார்.

"சார், நீங்களா? நேர்ல பாக்க ஒல்லியா இருக்கீக" என்றார். படத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் 'பரவசம்'.

படத்தை இறக்க முடியுமா என்று ஈஸ்வரபாண்டி சுற்றி வளைத்துக் கேட்டார். முடியவே முடியாது, முதல் பரிசு அதற்குத்தான் என்றார் பிரின்ஸ். சரி, எடுக்கத்தான் முடியாது, ஒதுக்குப்புறமாகத் தள்ளியாவது வைக்கலாமே என்று ஈஸ்வரபாண்டி வேறு வழியில் போனார். வாசலில் வெயில் அடிக்கிறது, கண்ணாடி கூசுகிறது, கொஞ்சம் உள்ளே தள்ளி மாட்டினால் நன்றாக இருக்கும் என்றார்.

பிரின்ஸ் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஆமோதித்தார். ஆள் வைத்துப் படத்தைக் கழற்றினார். கொண்டுபோய் மேடைக்கு நேர் எதிரே, மண்டபத்தின் நட்ட நடுவில் நிறுத்தினார். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு அடிக்கிற விளக்கு இரண்டையும் அதன்மேல் திருப்பினார்.

"நீங்க சொன்னது சரிதான் சார். இங்கன வச்சாத்தான் மூக்கு நுனிக் குழம்பு பளபளன்னு தெரியுது."

இனி உடம்பால்தான் மறைக்க வேண்டும் என்று ஈஸ்வரபாண்டி படத்துக்கு முன்னால் போய் நின்றார். அதுவரை படத்தைச் சும்மா பார்த்துவிட்டுப் போனவர்கள், படத்திலிருக்கும் ஆளே பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் கூட ஆரம்பித்தார்கள். மகளிர் கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேர் வரிசையில் நின்று செல்பி எடுத்தார்கள். எலும்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதேபோல் கண்ணை மட்டும் மூடுங்கள் அங்கிள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மணி நாலே முக்கால். ஈஸ்வரபாண்டி பிய்த்துக்கொண்டு வெளியே ஓடினார். எதிரே பூக்கடை இருந்தது. இருந்ததிலேயே தடித்த சம்பங்கி மாலை ஒன்றை வாங்கிவந்து சட்டத்தின்மேல் போட்டார். நெற்றியிலிருந்து நெஞ்சு வரை ஆள் மறைந்தே போனார். வெளியே தெரிந்தது புளியமரமும் இலைச் சோறும்தான். கலைக்கு இப்படி ஒரு மரியாதையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று பிரின்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

சரியாக ஐந்து மணிக்குப் பவானி வந்தாள். மண்டபத்தின் நடுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. இடது சுவரை ஒட்டியே விறுவிறுவென்று நடந்து, கடைசி மூலையில் இருந்த ஒரு படத்துக்கு முன்னால் போய், முந்தானையை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டாள். ஈஸ்வரபாண்டி ஓடிப்போய்க் கேட்டதற்கு முழங்கால் வலிக்கிறது என்றாள். நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தால் வலி கூடும் என்று தள்ளிவிட்டாள்.

"நான் இங்கனயே நிக்கிறேன். நீங்க போயி மத்ததப் பாத்துட்டு வாங்க, அவசரமில்ல."

அவள் பின்னாலிருந்த படத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. சுருளி அருவியாக இருக்கும், பவானிக்கு அருவி என்றால் பிடிக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அந்த அருவிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தன் காவலுக்குத் திரும்பினார். இன்னும் அரைமணி நேரம் ஓட்டிவிட்டால் வலியைச் சாக்கு வைத்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம்.

ஆனால் மாலை போட்ட படத்துக்கு நம் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அதை அவர் அவசரத்தில் மறந்துவிட்டார்.

முதலில் ஒரு வயதான தம்பதி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார்கள். யாரோ ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்தியைக் குத்திக் கீழே வைத்தார்கள். இன்னொருவர் கண்ணாடியில் சந்தனம் வைத்தார். செல்பி எடுத்த பிள்ளைகள் இருந்தால் விளக்கியிருப்பார்கள், அவர்கள் கல்லூரி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். கடமலைக்குண்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் மாலையை லேசாக விலக்கி முகத்தைப் பார்த்துவிட்டு, ஈஸ்வரபாண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க தம்பிங்களா? அப்படியே உரிச்சு வச்ச ஜாடை."

ஈஸ்வரபாண்டி தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வது.

"எப்பத் தவறினாக?"

"எட்டு மாசம் ஆச்சு."

"எதுனால போனாக?"

"கறிச்சோறு" என்றார் ஈஸ்வரபாண்டி. அந்த நேரத்தில் அவர் வாயில் உண்மைதான் வந்தது.

விவசாயி உச்சுக் கொட்டிவிட்டு, ஆளு கடைசி வரைக்கும் நிம்மதியாச் சாப்பிட்டிருக்காரு என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் அடுத்தவர்களிடம் சொன்னார்கள். ஊதுபத்தி எட்டாயிற்று.

இந்தச் சமயத்தில்தான் அம்மாவாசி உள்ளே வந்தார். மயிலாடும்பாறைச் சமையல்காரர், மகாலட்சுமி வைத்த கெடாவெட்டுக்கு மூன்று அண்டா குழம்பு வைத்தவர். தன் அண்டா படத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர், ஊதுபத்தியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், விலக்கி முகத்தையும் பார்த்தார். பக்கத்திலேயே நின்ற உயிருள்ள முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ஐயோ, ஈஸ்வரபாண்டி அண்ணே, என் கையால அள்ளிப் போட்டேனே, போயிட்டீகளே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒரு குரல் எடுத்தார். அண்டாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல். மண்டபம் மூலைமுடுக்கெல்லாம் அதிர்ந்தது.

மூலையிலிருந்து பவானி ஓடிவந்தாள். முழங்கால் வலிக்காரி நாற்பது நாற்காலியை விலக்கிக்கொண்டு அப்படி ஓடி யாரும் பார்த்திருக்க முடியாது. மாலையைப் பார்த்ததும் அலறினாள். அடுத்த நொடி, பக்கத்தில் முழித்துக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்துவிட்டு, அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கன்னத்தைத் தொட்டாள், மூக்கைத் தொட்டாள். "இருக்கீகளா, இருக்கீகளா" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டு அழுதாள்.

ஈஸ்வரபாண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஒருத்தியிடமா எட்டு மாதமாக ஒரு எலும்பை மறைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. அவரும் அழுதார். இரண்டு பேரும் ஆடிய ஆட்டத்தில் பவானியின் வளையல் மாலையில் மாட்டி, நூல் அறுந்து, சம்பங்கி மொத்தமும் தரையில் கொட்டியது. இரண்டு விளக்கின் வெளிச்சத்தில் படம் பளபளவென்று நின்றது.

பவானி அழுகையை நிறுத்தினாள். எலும்பைப் பார்த்தாள், புளியமரத்தைப் பார்த்தாள், நிதானமாக அவரைப் பார்த்தாள்.

"மலைக்கு மேல ஏலத்துக்குப் போறேன்னு சொன்னது இதுதானா?"

"இதுதான்" என்றார் ஈஸ்வரபாண்டி. மறைக்க இனி எதுவும் இல்லை. "ஒரே அக்கா பவானி. மனசு கேக்கல. உன் பேச்சை மீறுனது தப்புத்தான். என்ன வேணாலும் திட்டு. பேசாம மட்டும் இருந்துறாத."

 விவசாயி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, செத்தவர் யார் என்று பிரின்ஸிடம் மெதுவாக விசாரித்துக்கொண்டிருந்தார். பவானி முந்தானையை இழுத்துச் செருகினாள். இருபத்தாறு வருடத்தில் ஈஸ்வரபாண்டி பார்த்திராத அளவுக்கு நிமிர்ந்து நின்றாள்.

"சொல்லச் சொல்லக் கேக்காம, வெக்கமில்லாம அந்த வாசல்ல போயி கை நனைச்சிருக்கீக. எனக்குன்னு ஒரு மானம், ரோசம்..."

அம்மாவாசி துண்டால் மூக்கைச் சிந்தித் துடைத்தார். பவானி ஓடிவந்த மூலையை எட்டிப் பார்த்தார்.

"நீங்க எதுக்குத்தா அங்கன இருந்து நகந்தீக? நாத்தனாரும் நீங்களும் ஒரே சட்டியில கறி வழிச்சுத் தின்னுக்கிட்டுச் சிரிக்கிற படம் இப்ப வாசல் வரைக்கும் தெரியுதே."