படகுக்கு ஈடாக வந்த புத்தகங்கள்

ஆற்றங்கரை மக்களின் துயரத்தையும் நம்பிக்கையையும் சொல்லும் நூல்களைப் பேணி வளர்க்க அரசாங்கம் தனியாக ஒரு துறை வைத்திருக்கிறது. ஆற்றைப் பேணுவதற்கும் முன்பு ஒரு துறை இருந்தது. ஆறு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், புத்தகம் பாவம் என்ன செய்யும் என்று அதை மூடிவிட்டு இதைத் திறந்தார்கள்.

இந்த வருஷம் துறை பரிசு கொடுத்தது ஒரு தடித்த நாவலுக்கு. உள்ளே பசி, வெள்ளம், மறுபடியும் பசி. கடைசி அத்தியாயத்தில் நம்பிக்கை. நகரத்தில் அதை வாங்காதவர்கள் இல்லை. நானும் வாங்கினேன். காபிக் கடை மேஜையில் அட்டை மேலே தெரியும்படி வைப்பதுதான் மரியாதை. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிடுவது இந்த வருஷத்து நாகரிகம். லிப்டிலிருந்து இறங்குகிறவர்கள்கூடத் தண்ணீரில் இறங்குகிற மாதிரிதான் காலை வைத்தார்கள், போங்கள்!

பரிசளிப்பு விழாவுக்கு நாவலில் வரும் அசல் படகையே மேடையில் வைத்தால் என்ன என்று இணை இயக்குநருக்கு ஒரு யோசனை உதித்தது. லாரி போயிற்று, படகு வந்தது. "விழா முடிஞ்ச கையோட அனுப்பிடறோம்" என்று படகுக்காரரிடம் சொல்லியிருந்தார்கள். விழா முடிந்தது. படகு மட்டும் போகவில்லை.

நாவல் நடக்கும் அந்த ஆற்றங்கரை ஊரில் இருந்ததே அந்த ஒரு படகுதான். நகரத்துக்குப் பஸ்ஸில் அரை நாள். ஆஸ்பத்திரியோ ஆற்றுக்கு அக்கரையில், கூப்பிடு தூரம். படகுக்காரரின் மகளுக்கு நிறைமாதம். எப்போது வலி எடுக்குமோ என்றிருக்கும் பெண்ணை அரை நாள் பஸ்ஸில் போட்டுக் குலுக்க முடியுமா? மனுஷன் அலறியடித்துக்கொண்டு துறைக்கு ஓடிவந்தார்.

"ஐயா, படகைக் குடுத்துடுங்க. பொண்ணுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு."

"உட்காருங்க, உட்காருங்க" என்றார் இணை இயக்குநர். "உங்க கஷ்டத்தைப் படிச்சுட்டு ராத்திரியெல்லாம் அழுதேன், தெரியுமா?"

"ரொம்ப சந்தோஷம் ஐயா. படகு?"

"அது இப்போ படகு இல்லைங்க, காட்சிப்பொருள். தண்ணி பட்டா கெட்டுப்போயிடும்."

"படகு தண்ணி பட்டா கெட்டுப்போகுமா?"

"பின்னே? பாலிஷ் போட்டிருக்கோமில்ல!"

படகுக்காரர் கையைக் கூப்பினார். "அப்போ சின்னதா ஒரு பாலமாவது போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

இணை இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "பாலமா! என்ன பேசறீங்க? கடைசி அத்தியாயத்துல ஊரே பாலம் வரும், பாலம் வரும்னு காத்துக்கிட்டிருக்கு. அந்த நம்பிக்கைக்குத்தான் பரிசே. பாலம் வந்துட்டா அப்புறம் நம்பிக்கைக்கு நாங்க எங்க போறது?"

"அதுக்காக என் பொண்ணு..."

"வெறுங்கையோட அனுப்பிடுவோமா உங்களை? மனு பரிசீலனையில இருக்கு."

பரிசீலனை முடிந்து நாலு லாரி ஊருக்கு வந்தன. படகு கோரிய மனு கனிவுடன் ஏற்கப்பட்டு, அதற்கு ஈடாகப் படகைப் பற்றிய நூல்கள் வழங்கப்படுகின்றன என்று கூட வந்த குமாஸ்தா உரக்க வாசித்தார். துறை மொத்தமாக வாங்கிக் குவித்த பிரதிகள் அத்தனையும் கரையில் இறங்கின.

"இதை வெச்சு என்னய்யா பண்றது?" என்று கேட்டாள் படகுக்காரர் மனைவி.

"படிக்கணுமாம்."

"முழுசாவா?" ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். "கனமாத்தான் இருக்கு. ஆள் ஏறி நின்னாத் தாங்கும்போல."

கோடைக்கு ஆறு இளைத்திருந்தது. நடுவில் ஓடிய வாய்க்கால் மட்டும்தான் கழுத்தளவு. ஊரே இறங்கிப் புத்தகங்களைச் சாக்குச் சாக்காகக் கட்டி அதில் அடுக்கியது. மேலே பலகை போட்டது. சாயங்காலம் மகளுக்கு வலி எடுத்தது. ஆத்தாள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, அவள் பரிசு பெற்ற நாவலின் மேல் ஒவ்வோர் அடியாக வைத்து அக்கரை போய்ச் சேர்ந்தாள். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று சேதி வந்ததும் படகுக்காரர் கரையிலேயே உட்கார்ந்து சிரித்துச் சிரித்து அழுதார்.

துறைக்கு விஷயம் எட்டியது. அரசு நூலை மிதித்ததற்கு நடவடிக்கை எடுக்கலாமா என்று முதலில் யோசித்தவர்கள், பிறகு மனம் மாறி, நூல்கள் மக்களிடையே முழு வீச்சில் பயன்பாட்டில் உள்ளன என்று அறிக்கை விட்டார்கள். மறுநாள் பத்திரிகையெல்லாம் அதே பேச்சு.

அதற்குப் பிறகு நகரத்தில் காய்ந்த பிரதியை யார் சீந்துவார்கள்? ஆற்றில் ஊறிய பிரதி இல்லாத வீடு ஒரு வீடா? நாங்களும் ஒரு பஸ் பிடித்துப் போனோம். பலகையை நகர்த்தி, சாக்கைப் பிரித்து, ஆளுக்கொன்றாகத்தான் எடுத்தோம். சொந்தக்காரர்களுக்கு வேண்டுமே என்று அப்புறம் இன்னும் கொஞ்சம்.

படகுக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "எடுக்காதீங்க சாமி! என் பொண்ணு பச்சப்புள்ளையோட திரும்பி வரணும்!"

எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. "புத்தகத்துல வர்ற மாதிரியே பேசறார், பாருங்களேன்" என்றாள் என் மனைவி. பின்னாலேயே இன்னும் நாலு பஸ் வந்து நின்றது. பொழுது சாய்வதற்குள் வாய்க்காலில் தண்ணீர் தடையில்லாமல் ஓட ஆரம்பித்தது.

அக்கரையில் ஒரு பெண் வந்து நின்றாள். கையிலிருந்த துணி மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். படகுக்காரர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி போட்டிருக்கீங்களே தம்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. புள்ள யாரு ஜாடை?"

பார்த்துச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். புத்தகம் காய்வதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.