எந்த ‘வரேன்’?

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். “எப்பண்ணே வருவே?” என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு முடியாதும்மா. வேலை கழுத்தை நெரிக்கிறது, தவிர வீட்டிலிருந்தே வேலை என்பதால் எனக்கு இங்கே ரொம்பச் சௌகரியம்.

நாங்கள் நடத்தும் பல் மருத்துவமனை முன்பதிவு இணையதளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கோப்புகள் இதுவரை கூட்டுக்குடும்பம். யார் பெயரை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். இப்போது எல்லாம் தனிக்குடித்தனம். ஒரு பெயர் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று உச்சியில் ஒரு இம்போர்ட் வரி எழுத வேண்டும், இல்லாவிட்டால் “யார் அது, தெரியாதே” என்று படுத்துவிடும். இத்தனை கோப்புக்கு எவன் எழுதுவது என்று, விடுபட்ட வரிகளைத் தானே தேடிச் சேர்க்கும் கருவி ஒன்றை ஓடவிட்டேன், வந்தது வினை. தளத்துக்குள் வருபவரை வரவேற்க நான் ‘வரேன்’ என்ற பெயரில் ஒரு நிரல் துண்டு எழுதியிருந்தேன், வேலையை விட்டுப் போன பக்கத்து மேசைக்காரர் வெளியே போகிறவரை வழியனுப்ப அவரும் ‘வரேன்’ என்றே எழுதி வைத்திருந்தார். நாமெல்லாம் போகும்போதும் வரேன் என்போம் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? முதலில் கண்ணில் பட்ட அவருடையதையே எங்கும் சேர்த்துவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தவர்களை எல்லாம் “நன்றி, போய் வாருங்கள்” என்று வெளியே தள்ளியது.

மேலாளர் போன் போட்டார். “வர்றவங்களை ஏன்யா வெளிய அனுப்புற?”

“அனுப்பலை சார், மரியாதையா வழியனுப்புது.”

திட்டித் தீர்த்துவிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் போனை வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வாரம் என்னிடம் வாய் திறந்து பேசினவர் அவர் ஒருத்தர்தான். சாப்பாட்டை வாசல்ல வச்சுட்டுப் போயிடறாங்க, கீழ்வீட்டுக்காரரும் காலி பண்ணிட்டார், சமையலறையில நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கிறேன். போன தடவை இங்க வந்துட்டுப் படியிறங்கும்போது “வரேண்ணே”ன்னு சொன்னே. அது எந்த வரேன்னு நான் கேட்டுக்கலை. நீ உட்கார்ந்த அந்த ரெண்டாவது நாற்காலியில இன்னும் துணி போடாம வச்சிருக்கேன்.

அதை விடு. வேலை இருக்கும்வரை எனக்கென்ன குறை? மாப்பிள்ளைக்கு என் அன்பு, குட்டிக்கு முத்தம். எல்லோரும் நன்றாக இருங்கள்.

வரேன்,
அண்ணன்

பின்குறிப்பு: மேலே இருப்பது பக்கத்து மேசைக்காரரோட வரேன் இல்லை, நான் எழுதினது. சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துட்டேன். குட்டி என்னைப் பார்த்து “யார் அது”ன்னு கேட்டுடப் போறான், எங்கிருந்து வர்றேன்னு முன்னாலயே ஒரு வரி சொல்லி வை.