முதல் மடக்கு யாருக்கு?

"அப்புறம் என்னாச்சு, புக்கக்கா?"

முப்பது குழந்தைகள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். நூலகத்துச் சிறுவர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் புக்கக்கா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பின்னட்டைதான் வந்தது.

அன்று காலைதான் பெட்டியில் வந்திறங்கிய ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதைப் படப்புத்தகம் அது. காடே வறண்டு கிடக்கிறது. தண்ணீர் இருக்கும் இடத்தை ஆமை கண்டுபிடிக்கிறது. யானை தோண்டுகிறது. கழுதைப்புலி வந்து கெடுக்காமல் கோழி காவல் காக்கிறது. முதலில் ஊறியதோ ஒரே ஒரு மடக்கு. அதை யார் குடிக்கலாம்? அத்துடன் கதை நின்றுவிட்டது.

முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. இருபது வருஷமாகக் கதை சொல்கிறவளுக்கு ஒத்திகை எதற்கு? அந்த இருபது வருஷத்தில் அவள் பிரிவில் ஒரு பக்கம்கூடத் தொலைந்ததில்லை. அதற்காகத்தான் வருகிற சனிக்கிழமை நூலகத்துறைப் பெரிய அதிகாரியே நேரில் வந்து பாராட்டுப் பத்திரம் கொடுக்கப்போகிறார். இந்த நேரம் பார்த்தா இப்படி ஆகவேண்டும்?

"மிச்சம் அடுத்த வாரம்," என்று புத்தகத்தை மூடினாள்.

"போங்கக்கா!" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

எல்லாரும் போனபிறகு பூதக்கண்ணாடி வைத்துத் தையலைப் பார்த்தாள். கிழிந்த சுவடே இல்லை. பக்க எண்ணும் போடவில்லை. 'பலே கைகாரத் திருடன்!' என்று முடிவுகட்டி, கடைசிப் பக்கத்தை உடனே அனுப்பச் சொல்லிப் பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டாள்.

வீட்டில் சொன்னபோது, பிளம்பர் வேலை பார்க்கும் கணவன் தட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? தோண்டினவனுக்குத்தான். முதுகு ஒடியுறது அவனுக்குத்தானே?"

"நான் தொலைஞ்ச பக்கத்தைப் பத்திப் பேசறேங்க!"

"பக்கத்தை விடு. யானைக்குக் குடுத்தாங்களா இல்லையா?"

திங்கட்கிழமை ஒரு ரெட்டைச்சடைக்காரி வாசலிலேயே மடக்கினாள். சமாளிக்க, "யானை குடிச்சிருச்சுடா கண்ணு," என்றாள் புக்கக்கா.

"அப்ப ஆமை பாவமில்லையா?" உதடு பிதுங்கியது.

"சரி சரி, அழாதே. ஆமைதான் குடிச்சுது."

அடுத்து வந்தவன் கோழிக் கட்சி. அவனுக்குக் கோழி குடித்தது. சாயங்காலத்துக்குள் தெருவில் மூன்று முடிவுகள் உலவின. வியாழக்கிழமை ஒரு அம்மா வந்து நின்றாள்.

"ரெண்டு நாளா என் பொண்ணும் பையனும் பேச்சுவார்த்தை இல்லைங்க. எதுதான் நிஜம்? நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க."

"சனிக்கிழமை சொல்றேங்க," என்றாள். அந்த அம்மா அதை ஊருக்கே சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை அறை நிரம்பி வழிந்தது. குழந்தைகள், அப்பா அம்மாக்கள், கடைசி வரிசையில் ஸ்பானர் பையோடு கணவன். பெரிய அதிகாரி பத்திரத்தை நீட்டினார். பேசாமல் வாங்கிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளால் முடியவில்லை.

"மன்னிச்சிருங்க சார், எனக்கு இது வேண்டாம். என் கையிலயே ஒரு பக்கம் தொலைஞ்சுபோச்சு."

"எந்தப் பக்கம்மா?"

கதையைச் சொன்னாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கோழிக்குத்தான்மா. காவல் இல்லேன்னா தண்ணி ஏது?"

"அதெப்படி சார்?" என்று எழுந்தான் கணவன். "தோண்டாம எதைக் காவல் காக்கறது?"

அவ்வளவுதான். அப்பாக்கள் ஒருபக்கம், அம்மாக்கள் ஒருபக்கம், குழந்தைகள் எல்லாப் பக்கமும். இரண்டு வருஷமாக வந்தும் வாயே திறக்காத சுருட்டைமுடிச் சிறுமி முக்காலிமேல் ஏறி நின்று, "ஆமை சொல்லலேன்னா எங்க போய்த் தோண்டுவீங்க சார்?" என்று அதிகாரியையே கேட்டாள்.

மானம் போகிற நேரத்திலும் புக்கக்காவுக்கு அந்தச் சிறுமியைப் பார்த்துப் பெருமை தாங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. நம்ம பொண்ணு எப்படிக் கேட்டுச்சு பார்!

மேஜைமேல் தொலைபேசி அடித்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தாள். பதிப்பகத்திலிருந்து ஒரு பெண்.

"உங்க லெட்டர் கிடைச்சுதுங்க. பக்கம் எதுவும் தொலையலை. அந்தக் கேள்வியோட நிக்கிற கதைதான் அது, மிச்சத்தைக் கதை கேக்கறவங்கதான் பேசி முடிக்கணும்... உங்க பின்னாடி ஒரே கூச்சலா கேக்குதே, அதாங்க கடைசிப் பக்கம்!"