சோறு கொண்டுபோகிறவள்

சீனத்தும்மாவை எடுத்துவிட்டால் றுகையாவும் ஜெமீலும் எப்படித்தான் கதைப்பது என்று தெரியாமல், ஷரிபுதீன் மாஸ்டர் விடிந்ததிலிருந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் அவர் எழுதிய நாவலில் இருப்பவர்கள். ஜெமீல் கதாநாயகன், றுகையா கதாநாயகி. சீனத்தும்மா, றுகையாவின் வீட்டிலிருந்து ஜெமீலுக்குச் சோறு கொண்டுபோகிற மனுசி. நாவலை அச்சடிக்க ஒத்துக்கொண்ட கொழும்பு அச்சக முதலாளி, கடதாசி விற்கிற விலையில் புத்தகம் இவ்வளவு தடிப்பாக இருக்கக்கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார். சோறு கொண்டுபோகிறவள் கதைக்கு அவசியமில்லை, அவளை வெட்டிவிடலாம் என்பது அவருடைய யோசனை.

முதலாளி கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். மருதமுனையில் ஒரு குமர்ப்பிள்ளை அந்நிய ஆணோடு ஒரு வார்த்தை பேசவேண்டுமென்றால் இடையில் ஒரு சீனத்தும்மா வேண்டும் என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

மாஸ்டருக்கு அது நன்றாகத் தெரியும். மூதூரிலிருந்து மாற்றலாகி, ஹர்த்தால் நடந்த வருசம் இந்த ஊருக்கு வந்தவர். நாற்பது வயதாகியும் கலியாணமில்லை. ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸலாம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். பதில் சொல்ல ஆளில்லாததால் பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார்.

பகல் சோறு பக்கத்து மீராமுகைதீன் காக்கா வீட்டிலிருந்து வரும். கிடுகு வேலியில் ஒரு பீங்கான் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அதன் வழியாகத் துணி மூடிய பீங்கான் வரும், பின்னாலேயே "இந்தாங்க மாஸ்டர்" என்று ஒரு பெண்குரல் வரும். வேலைக்கு நிற்கிற மனுசியாக்கும் என்று மாஸ்டர் தானாகவே முடிவுகட்டியிருந்தார். பெயரைக் கேட்கவேண்டுமென்று அவருக்குத் தோன்றவேயில்லை.

ஒருநாள் எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரல், "புறகு என்ன நடந்த?" என்றது.

"ஆரு கேக்கிற?"

வேலிக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் போகப் பார்த்துத் திரும்பி வந்தது.

"எனக்கு என்னத்துக்கு இந்தக் கதையெல்லாம்? ஊட்டுக்குள்ள முனவ்வறா எண்டு ஒரு புள்ள இரிக்கி. அதுதான் கேட்டு வரச் சொன்ன."

அன்றிலிருந்து மாஸ்டருக்குச் சோறு இரண்டாம்பட்சம். வேலியோரம் கதிரையைப் போட்டு அத்தியாயம் அத்தியாயமாக வாசிப்பார். அந்த மனுசி கேட்டுக்கொண்டு போய், மறுநாள் முனவ்வறா சொன்னதைக் கொண்டுவருவாள். முனவ்வறா இந்த இடத்தில் சிரித்தாளாம். அந்த இடத்தில் கண் கலங்கினாளாம். தான் சொல்வதைக் கேட்கவும் உலகத்தில் ஒரு ஆள் இருக்கிறது என்ற நினைப்பே மாஸ்டருக்குப் புதிது. புத்தகம் அச்சாகி வந்ததும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போய் முனவ்வறாவைப் பெண் கேட்பது என்று தீர்மானித்துவிட்டார்.

ஒரேயொரு விசயம்தான் அவருக்கு விளங்கவில்லை. முனவ்வறா ஜெமீலைப் பற்றிக் கேட்பதேயில்லை. ஊருக்கெல்லாம் சோறு கொண்டுபோகிற சீனத்தும்மா தான் எப்போது சாப்பிடுவாள், அவளோடு கதைக்க ஆர் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டனுப்புவாள்.

அப்படிப்பட்ட சீனத்தும்மாவைத்தான் இப்போது வெட்டவேண்டியிருந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். ஜெமீலை வேலியடிக்கு அனுப்பி, றுகையாவோடு நேரே பேசவைத்தார். அன்று பகல் அதை வாசித்தும் காட்டினார்.

மறுநாள் பீங்கானோடு பதில் வந்தது.

"முனவ்வறா சொல்லுது, எந்த ஊருக் குமரு வேலியடிக்கு வந்து நிக்கும் எண்டு. வாப்பாக்காரன் கண்டா காலை முறிச்சிருவானாம்."

நியாயம்தான். மாஸ்டர் றுகையாவை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, ஜெமீலை ஒரு கடிதம் எழுதவைத்தார்.

"றுகையா குர்ஆன் ஓதத்தானே படிச்சிரிக்கி, தமிழ் எழுத்துத் தெரியா எண்டு முன்னால சொன்னீங்களாமே. அப்ப கடிதத்த ஆரு வாசிச்ச?"

மாஸ்டர் வாப்பாவை வாசிக்கவைத்தார். வாப்பா கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தப்பியோடிய ஜெமீல் தோணியில் ஏறி நடுக்கடலுக்குப் போனான். அவனைத் திரும்பக் கரைசேர்க்க ஒரு புயல் தேவைப்பட்டது. புயலில் றுகையா வீட்டுக் கூரை பறந்தது. கூரை வேய ஒரு ஆளைப் பிடிக்கவேண்டியிருந்தது. வேய வந்தவனுக்குச் சோறு கொண்டுபோக ஒரு மனுசி தேவைப்பட்டாள்.

வெட்டிய பக்கங்களைவிடச் சேர்ந்த பக்கங்கள் இரண்டு மடங்கு.

மாஸ்டருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. புதிதாக எழுதியதையெல்லாம் கிழித்தெறிந்தார். மிஞ்சிய நாவலில் ஜெமீல் தன் வீட்டில் இருந்தான், றுகையா தன் வீட்டில் இருந்தாள், நடுவில் வேலி இருந்தது. கடைசிவரைக்கும் ஒருவரோடொருவர் ஒரு சொல் கதைக்கவில்லை. முதலாளி கேட்ட அளவுக்குப் புத்தகம் மெலிந்துவிட்டது.

வாசித்து முடித்துவிட்டு மாஸ்டர் தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"முனவ்வறா என்ன சொல்லுமோ தெரியா," என்றார் மாஸ்டர்.

"சீனத்தும்மாக்கு என்ன நடந்த?" என்றது குரல்.

"அவ இல்ல. அவ கதைக்குத் தேவையில்லையாம்."

"அப்ப சரி."

மறுநாள் பீங்கான் வந்தது, குரல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. மாஸ்டர் வேலியைப் பார்த்துச் செருமிப் பார்த்தார். மீன் ஆணம் நல்லாயிருக்கு என்று சத்தமாகச் சொல்லியும் பார்த்தார். ஒரு குரல் நின்றுபோனதில் வீடு இவ்வளவு வெறிச்சோடிப்போகும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. சோற்றைப் பாதியிலேயே மூடிவைத்தார்.

முனவ்வறாவுக்குக் கோபம், அதனால்தான் அந்த மனுசியின் வாயையும் அடைத்துவிட்டாள் என்று மாஸ்டர் எண்ணிக்கொண்டார். இனித் தாமதித்தால் இருந்த ஒரு ஆளும் இல்லாமல் போய்விடும். புத்தகம் வரும்வரைக்கும் பொறுக்கவேண்டாம், இடையில் ஆளும் வேண்டாம் என்று, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு, தொப்பியும் புதுச் சாறனுமாக மீராமுகைதீன் காக்கா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வாங்க மாஸ்டர், இரிங்க. என்ன விசயம்?"

மாஸ்டர் கதிரையின் நுனியில் இருந்தார்.

"காக்கா, இதுக்குப் பெரிய மனிசர் ஒருத்தரக் கூட்டிவாறதுதான் முறை. எனக்கு இந்த ஊருல ஆருமில்ல. அதனால நானே வந்திட்டன். உங்கட மகள் முனவ்வறாவ எனக்கு..."

வெற்றிலை மென்றுகொண்டிருந்த காக்காவின் வாய் அப்படியே நின்றது.

"மகளா? எனக்கு எல்லாம் ஆம்பிளப் புள்ளயள் மாஸ்டர். கலியாணம் முடிச்சுப் பொஞ்சாதிமார்ர ஊட்டோட போயிட்டானுகள். என்ட பொஞ்சாதியும் மௌத்தாகி, நான் இப்ப தங்கச்சிர ஊட்டுல கெடக்கன். அவளுக்கும் புருசன் இல்ல. இந்த ஊட்டுல நாங்க ரெண்டு பேரும்தான்."

"அப்ப முனவ்வறா?"

காக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளறைப் பக்கம் திரும்பி, "சல்மா, மாஸ்டர் ஆரோ முனவ்வறாவாம், பொண்ணு கேட்டு வந்திரிக்காரு. உனக்கு அப்பிடி ஆரயும் தெரியுமா?" என்று கேட்டார்.

கதவு மறைவிலிருந்து, மாஸ்டருக்கு நன்றாகப் பழகிய அந்தக் குரல் வந்தது.

"அந்தப் புள்ளய வெட்டிரச் சொல்லுங்க காக்கா, சோறு கொண்டுபோறவள் போதும்."