மூன்று சில்லு வண்டி வாசிகசாலைக்குப் போன விதம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
19 பெப்ரவரி 1967

அன்பும் கண்ணியமும் மிக்க மச்சான் லாபிர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் வீட்டிலும் கடையிலும் பறக்கத்துப் பெருகவும், கொழும்புத் தண்ணீர் உங்கள் வயிற்றுக்கு ஒத்துப்போகவும் ஐந்து வேளையும் துஆச் செய்கிறோம். இங்கே நான் சுகம். உங்கள் தங்கை ஸுல்பிகா என்னைவிடச் சுகம். அதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும். என் சொல் இந்த வீட்டில் எடுபடுவதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம், கோபிக்காதீர்கள், நீங்கள்தான். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ரயிலில் போட்டு அனுப்பினீர்களே, கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சில்லு வண்டி, அது வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அந்தக் காய்ச்சலோடு அவளுக்குக் கால் இரண்டும் வழங்காமல் போனபிறகு, கேட்டதையெல்லாம் நான்தான் இருந்த இடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். புத்தகம் என்றால் அவளுக்கு உயிர். அதனால் ஓர்ஸ் ஹில் அடிவாரத்து வாசிகசாலைக்கும் நானே போவேன். சும்மா சொல்லக்கூடாது, தடித்த புத்தகமாகப் பார்த்துத்தான் எடுப்பேன், அடிக்கடி நடக்கத் தேவையில்லை பாருங்கள். கோழி வளர்ப்பு, நீராவி எஞ்சின், தென்னையில் வண்டு விழுந்தால் செய்யவேண்டியவை என்று எல்லாம் அறிவுள்ள புத்தகங்கள். அவளும் முகம் கோணாமல் வாசித்து முடிப்பாள். வண்டி வந்த பிறகு ஒரு நாள் காலையில், "இனி நீங்க போகத் தேவையில்ல. நானே போய் அலுமாரியைப் பார்த்து எனக்குப் பிடிச்சதை எடுக்கப்போறன்" என்றாள். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீர் எனக்குப் புரையேறிவிட்டது.

அந்த வாசிகசாலை உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரன் இருந்த பங்களா. வெள்ளமும் பாம்பும் தன்னிடம் வரக்கூடாதென்று உயரத்தில் கட்டி, செங்குத்தாகப் படியும் வைத்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். ஸுல்பிகா படியடியில் வண்டியை நிறுத்தினாள், நான் குடையோடு பக்கத்தில் நின்றேன், என்ன செய்வதென்று யோசிக்கவும் நேரம் கிடைக்கவில்லை மச்சான், எதிர்க்கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த துறைமுகத்து மூட்டைக்காரர்கள் கிளாசைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்து, கேள்வியில்லை பேச்சில்லை, ஏலேலோ என்று வண்டியோடு தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் பத்திரிகை மேசைக்கு முன்னால் இறக்கிவிட்டார்கள். புத்தக அலுமாரி இருப்பது மறுபக்கத்து அறையில். "அங்கால விடுங்க தம்பிமார்" என்றாள். "இஞ்சதான் ராத்தா காத்து வரும்" என்று சொல்லி ஒருவன் சோடா உடைத்துக் கொடுத்தான், இன்னொருவன் பத்திரிகையால் விசிறினான். துறைமுகத்துச் சங்கு ஊதியதும், "பிறகு உங்களை இறக்க ஆளிராது" என்று திரும்பத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் நல்ல மனதை நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

ஸுல்பிகாவுக்குக் கலங்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு சொன்னாள், "எல்லாரும் நல்ல ஆக்கள்தான். ஆனா தூக்கினா அவங்க வைக்கிற இடத்திலதான் நான் இருக்கவேணும், அவங்க எடுக்கிற நேரந்தான் வெளிய வரவேணும். நான் என்ன அரிசி மூட்டையா? எனக்கு அந்தப் படியில ஒரு சரிவு வேணும்." அலுமாரிக்குப் போவதற்குச் சரிவு கேட்ட மனிதர் இந்த ஊரில் இதற்கு முன் யாரும் இல்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு பெருமையாகவும் இருந்தது.

வாசிகசாலைச் செயலாளர் கனகரத்தினம் மாஸ்டரிடம் போனேன். தங்கமான மனிதர். "சரிவு வைச்சா சைக்கிள் ஏறும், ஆடு ஏறும், கோட்டைப் பக்கத்து மானெல்லாம் ஏறும் ஸெய்னுதீன் நானா. மான் வந்தா ஒரு பத்திரிகை மிஞ்சுமே? நீங்கள் கவலைப்படாதேயுங்கோ, அக்காவைத் தூக்கிறதுக்கு ஒரு கமிட்டி போடுறம்" என்றார். சொன்னபடியே தூக்கும் கமிட்டி என்று ஒன்று போட்டு, அதற்கு ஒரு தலைவரும் தெரிவாகி, மாலைகூடப் போட்டாயிற்று. இதைக் கேட்ட ஸுல்பிகா மறுநாள் படியடிக்குப் போனாள். கமிட்டி சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தது. "தொட வேணாம்" என்றுவிட்டு மேலே பார்த்து, "மாஸ்டர், முதல் அலுமாரியில மேல் தட்டில இருக்கிறதெல்லாத்தையும் இஞ்ச கொண்டு வாங்க, பார்த்துத்தான் எடுப்பன்" என்றாள். மாஸ்டர் மார்போடு அணைத்துக் கொண்டுவந்து காட்டினார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "சரி, இனி இரண்டாந் தட்டு" என்றாள். அவர் ஏற, இறங்க, ஏற, இறங்க, அடுத்த நாளும் அதே கதை. அந்தக் கிழமை முடியுமுன் மாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் கதிரையில் வந்து விழுந்து, "நானா, மான் வந்தா வரட்டும், சரிவு வைப்பம்" என்றார்.

சரிவு செய்ய வந்தவர் பக்கீர் ஓடாவி. உட்துறைமுகத்தில் தோணி கட்டுகிறாரே, அவரேதான். பழைய தோணிப் பலகையில் பாலம் மாதிரி ஒன்று செய்தார். பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஒரு ஆணி வெளியே தெரியாது. ஆனால் ஓடாவிக்கு ஆயுளில் தெரிந்த சரிவு ஒன்றுதான், தோணி கடலில் இறங்குகிற சரிவு. அதற்கு என்ன செய்வாரோ அதையே இதற்கும் செய்தார். திறப்புவிழாவுக்கு முன் ஆசையோடு சுறா நெய்யைத் தடிப்பாகப் பூசிவிட்டார். ஊரே நாறியது. பலகைக்கு நல்லதாக்கும் என்று நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். மாஸ்டர் வெள்ளை வேட்டி சால்வையோடு, கையில் பேச்சு எழுதிய தாளோடு, மேலே கட்டிய றிபன் வெட்டப் போனார். பாதிவரை கம்பீரமாக ஏறினார். அதன்பின் ஏறியது போல எங்களுக்குத் தெரிந்தது, உண்மையில் அவர் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார், பிறகு மெல்ல உட்கார்ந்து, சபையைப் பார்த்தபடியே இறங்கி வந்து, மூட்டைக்காரர்களின் மடியில் சேர்ந்தார். பேச்சுத் தாளை மட்டும் விடவில்லை. ஓடாவி மட்டும் மனம் நிறைந்து, "பார்த்தீங்களா, ஒரு பக்கம் சாயாம என்ன நேரா இறங்கிறார்" என்றார்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. தூக்கும் கமிட்டித் தலைவர், "அப்ப தூக்குவமா?" என்று முன்னால் வந்தார். ஸுல்பிகா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஓடாவி, தோணியை மேல இழுத்தா அது திரும்ப வழுக்காம என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். "கயிறு குறுக்கால அடிச்சு மணல் கொட்டுவம்." "அப்ப இதுக்கும் அதைச் செய்யுங்க. நான் இருக்கிறன்." சாம்பலைப் போட்டு நெய்யை உறிஞ்சி, தும்புக் கயிறு அடித்து, கடற்கரை மணல் கொண்டுவந்து கொட்டி முடிய நல்ல வெயில் ஏறிவிட்டது. சனம் கலைந்து போகும் என்று நினைத்தேன். போகவில்லை, இன்னும் கூடியது.

இனி நான் எழுதப்போவதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை மச்சான். மூட்டைக்காரர் வடம் கொண்டுவந்து, "ராத்தா, முன்னுக்குக் கட்டினா ஒரே இழுவை" என்றார்கள். "வேணாம் தம்பி, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்க." நான் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். திரும்பாமலே, "நீங்களுந்தான்" என்றாள். கட்டிக்கொண்டேன். பிடியைச் சுற்றத் தொடங்கினாள். முன்சில்லு பலகையில் ஏறியது. பாதிவரை போய் வண்டி நின்றது, பிறகு பின்னால் உருண்டது. அத்தனை பேர் கையும் தன்பாட்டில் முன்னால் வந்தது, ஒரு கயிற்றில் சில்லு தடுத்து நின்றது, அத்தனை கையும் திரும்பிப் போனது. அவள் முக்காட்டைச் சரிசெய்து, மூச்சு எடுத்து, திரும்பச் சுற்றினாள். முகமெல்லாம் வியர்வை. மேலே போய்ச் சேர்ந்தாள். றிபனை வெட்ட ஒருவரும் இல்லாததால் வண்டியே அறுத்துக்கொண்டு உள்ளே போனது. சுபுஹானல்லாஹ், என் மனுசியை அன்றைக்குத்தான் கண்டவன் போல நின்றேன்.

நாங்கள் யன்னலால் பார்த்தோம். ஒவ்வொரு அலுமாரிக்கும் போனாள். புத்தகங்களின் முதுகில் விரலை வைத்துக்கொண்டே போனாள். ஒன்றை எடுத்தாள், இரண்டு பக்கம் வாசித்தாள், வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள். அவசரப்படவில்லை. துறைமுகத்துச் சங்கு ஊதியது, ஒருவனும் வேலைக்குப் போகவில்லை. அசர் தொழுகை நேரத்துக்கு வெளியே வந்தாள், கை வெறுமையாக இருந்தது. மாஸ்டர் பதறிப்போய், "என்ன அக்கா, ஒண்டும் எடுக்கேல்லையோ?" என்றார். "இண்டைக்கு எனக்கு ஒண்டும் பிடிக்கேல்ல மாஸ்டர். நாளைக்கு வந்து பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். இத்தனை பாடும் பட்டு வெறுங்கையோடு வருகிறாளே என்று எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். என்னிடம் எத்தனையோ தடித்த புத்தகம் வாங்கியிருக்கிறாள், அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை.

இப்போது நாள்தோறும் போகிறாள். அதோடு நின்றால் பரவாயில்லை. ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்து வைத்திருக்கிறாள், படமாளிகையை அளந்து வைத்திருக்கிறாள், ஓடாவியைத் தேத்தண்ணீருக்குக் கூப்பிடுகிறாள். இந்த வயதில் ஊரிலுள்ள படியெல்லாம் எங்களுக்கு எதற்கு? நீங்கள் மூத்தவர், சொன்னால் கேட்பாள். கடையை யாரிடமாவது விட்டுவிட்டு வந்து, வீட்டோடு இருக்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நல்ல காலத்தையும் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
அ. ஸெய்னுதீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஸுல்பிகா வாங்கி முழுதும் வாசித்துவிட்டாள். கோபிக்கவில்லை. "லாபிர் காக்கா வரட்டும். மறிக்க இல்ல, பார்க்க" என்றாள். யோசித்தால் அதுவும் சரி என்று படுகிறது, ஆகவே புத்தி சொல்ல வரவேண்டாம், பார்க்க வாருங்கள். பதிவுத் தபாலில் போட நான் சட்டையை மாட்டியபோது, "தாங்க, நான் போறன்" என்று கையை நீட்டினாள். "அங்கயும் படி இருக்கே" என்றேன். "ஓம். அது அங்க இருக்கிற ஆக்களுக்கும் தெரியட்டும்" என்கிறாள். இதோ, வாசலில் வண்டியோடு நிற்கிறாள், இந்த வரிக்காகத்தான் காத்திருக்கிறாள். தூக்கவும் விடமாட்டாள், வேறொருவர் கையில் கொடுக்கவும் மாட்டாள். ஆகையால் மச்சான், மேலே உள்ள திகதியைப் பார்த்துவிட்டு ஏன் இவ்வளவு பிந்தியது என்று கேட்காதீர்கள். இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததென்றால், தபால் கந்தோரிலும் சரிவு வைத்தாயிற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.