சாய்வு நாற்காலியும் இருபத்தாறு பவுண்டு வான்கோழியும்

"அர்லீன், இந்த வருஷம் வான்கோழி என் பொறுப்பு!"

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலைச் சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்று இப்படி அறிவித்தேன். உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். ஆனால் சரித்திரத்தில் யாரும் உட்கார்ந்துகொண்டு பிரகடனம் செய்ததாகத் தெரியவில்லை.

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த என் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா, ரஸ்ஸல்?"

"நல்லாத்தான் இருக்கேன். வருஷா வருஷம் தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு நீ அந்த அடுப்படியிலயே கிடந்து வேகுறே. எனக்கு மனசு கேக்கல."

"முட்டை வேகவைக்கப் போய்ப் பாத்திரத்தை ஓட்டை பண்ணினவன் நீ."

"அது முட்டை. இது வான்கோழி. வேற சைஸு."

"ஆமா, ஓட்டையும் பெருசா விழும்."

ஆனாலும் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "சரி, செல்லம்" என்று சொல்லிவிட்டு மறுபடி வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் 'செல்லம்' என்ற சொல் வந்தால் பின்னாலேயே எனக்கு ஏதோ ஒரு சுமை வரும். சோபாவை மாடிக்குத் தூக்கிய அன்றும் நான் செல்லம்தான்.

வாசகர்களே, உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? மனசு கேட்கவில்லை என்றதெல்லாம் சுத்தப் புளுகு. நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்கு. நன்றி சொல்லும் திருநாளான தேங்க்ஸ்கிவிங் மத்தியானம் எங்கள் ஊர் அணி ஆடுகிற அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை, ஒரு தடவையாவது, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்க்க வேண்டும்.

மிச்சிகனில் இருக்கிற எல்லாப் புருஷர்களும் அதைப் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன், ஆனால் தோளில் நாற்காலியோடு குறுக்கே போகும்போது பார்க்கிறேன். அன்று எனக்கு விழுகிற வேலைகள் அப்படி. வாசல் பனியை வழித்துத் தள்ளு, கராஜிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டு வா, உருளைக்கிழங்கு தோல் சீவு, கிரான்பெரிப் பழக்கூழ் டப்பாவைத் திற, டப்பா கிழித்த விரலுக்குக் கட்டுப் போடு. என் விரல்தான், நானேதான் கட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். அர்லீனை உதவிக்குக் கூப்பிட முடியாது. அவள் அடுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். "யாரும் வராதீங்க! நான் வான்கோழியைப் பார்த்துக்கிட்டிருக்கேன்!" என்ற குரல் மட்டும் வரும். பாவம், எப்படி உழைக்கிறாள் என்று நானும் உருகிப் போவேன்.

போன வருஷம்தான் உண்மை தெரிந்தது. என் மைத்துனன் நார்ம், அதாவது அர்லீனின் தம்பி, தன் பானத்துக்கு ஐஸ் கேட்டான். கிண்ணத்தோடு போய் அடுப்பறைக் கதவை லேசாகத் தள்ளினேன்.

உள்ளே அர்லீன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டியிருந்தாள். கையில் காபி. எதிரே ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டிவி. அதில் என் ஆட்டம்! வான்கோழி அதுபாட்டுக்கு அடுப்புக்குள் வெந்துகொண்டிருந்தது. அதை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சத்தம் போடாமல் அப்படியே பின்வாங்கி வந்துவிட்டேன்.

ஒரு வருஷம் பொறுத்தேன். ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. அந்த வீட்டிலேயே சுகமான வேலை வான்கோழி வேலைதான். அதை நான் பிடுங்கிக்கொண்டால் ஸ்டூல் எனக்கு, காபி எனக்கு, ஆட்டம் எனக்கு. பனியும் நாற்காலியும் உருளைக்கிழங்கும் அர்லீனுக்கு. இதுதான் திட்டம். எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை வான்கோழி வாங்கக் கடைக்குப் போனோம். குளிர்பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருந்தன.

"பன்னிரண்டு பவுண்டு போதும். நாம ஏழு பேர்தான்" என்றாள் அர்லீன்.

என் கணக்கு வேறு. பறவை பெரிசானால் வேகிற நேரமும் பெரிசாகும். பன்னிரண்டு பவுண்டு பறவை இடைவேளைக்குள் வெந்து தொலைத்தால் மிச்ச ஆட்டத்தை யார் பார்ப்பது?

"ஏழு பேர்னாலும் நார்ம் வர்றான்ல? அவனை ரெண்டா எண்ணிக்கோ."

"அவன் என் தம்பி. ஞாபகம் இருக்கட்டும்."

"அதனாலதான் ரெண்டுன்னேன். இல்லாட்டி மூணுன்னு சொல்லியிருப்பேன்."

பெட்டியின் அடியில், மற்றதெல்லாம் அதன் குஞ்சுகள் மாதிரி தெரிய, ஒன்று கிடந்தது. இருபத்தாறு பவுண்டு. கடைக்காரரும் நானும் சேர்ந்து தூக்கினோம்.

"இது நம்ம அடுப்புக்குள்ள போகுமா?" என்றாள்.

"போக வைப்பேன்."

"ரொம்ப நேரம் ஆகுமே, செல்லம்?"

"ஆகட்டுமே! உனக்காக எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிப்பேன்."

இரண்டாவது 'செல்லம்'. அதையும் நான் கவனிக்கவில்லை. அன்று முதல் வான்கோழி எங்கள் ஃபிரிட்ஜில் குடியேறிப் பனி விட ஆரம்பித்தது. என் பீர் பாட்டில்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கராஜுக்குப் போயின.

தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை காலை ஏப்ரன் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினேன்.

"வயித்துக்குள்ள கையை விட்டியா?" என்றாள் அர்லீன்.

"யார் வயித்துக்குள்ள?"

"அந்தப் பறவை வயித்துக்குள்ளதான்! பை இருக்கும், எடு. போன தடவை எதிர் வீட்டுக் கஸ் அதை எடுக்காம காகிதத்தோட வேகவெச்சுப் பரிமாறினான்."

கையை விட்டேன். வான்கோழியின் கழுத்தும் ஈரலும் காகிதப் பையில் சுற்றி அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தன. தன் கழுத்தைத் தானே சுமந்துகொண்டு வந்த பறவையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சாயந்தரத்துக்குள் என் கதியும் ஏறக்குறைய அதுதான் என்று அப்போது தெரியாது.

உப்பு, மிளகு, வெண்ணெய் எல்லாம் தடவி, வயிற்றில் ரொட்டிப் பூரணம் அடைத்து, தோளால் முட்டி அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். வேலை முடிந்தது! ஸ்டூலை இழுத்துப் போட்டேன். இன்னொரு ஸ்டூலையும் இழுத்துப் போட்டேன். டிவியைப் போடலாம் என்று திரும்பினால், டிவி இருந்த இடத்தில் ஒரு பூஜாடி இருந்தது.

"அர்லீன்! இங்க ஒரு டிவி இருந்துதே?"

"அம்மா வந்தா தங்குற ரூம்ல வெச்சுட்டேன். படுத்துக்கிட்டே தேங்க்ஸ்கிவிங் ஊர்வலம் பார்க்கணுமாம். உனக்கு எதுக்கு டிவி? உனக்குத்தான் கை நிறைய வேலை இருக்கே."

"என்ன வேலை? அதுதான் உள்ள போயிடுச்சே!"

அர்லீன் அலமாரியைத் திறந்து இரண்டு சாமான்களை எடுத்தாள். ஒன்று ரப்பர் குமிழ் வைத்த நீளக் குழாய். பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரைப் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள், அதுதான். இன்னொன்று தக்காளி உருவத்தில் ஒரு மணி. முறுக்கி வைத்தால் கால் மணி நேரம் கழித்து வீறிடும்.

"தட்டுல இறங்குற கொழுப்பை இதால உறிஞ்சி மேல ஊத்தணும். மணி அடிக்கிறப்பல்லாம். ஒரு தடவை தவறினாலும் உமி மாதிரி ஆயிடும். எங்க அம்மா வேற சாப்பிடப்போறாங்க."

"நீ இத்தனை வருஷமும் இதைப் பண்ணினியா?"

"பின்னே? கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்ன பண்ணினேன்னு நெனச்சே?"

அவள் என் கண்ணையே பார்த்தாள். அவள் உள்ளே என்ன பண்ணினாள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் எட்டிப் பார்த்த கதை வெளியே வந்துவிடும், என் தியாகம் சந்தி சிரித்துவிடும். "ரொம்பப் பாவம் நீ" என்று மட்டும் சொல்லிக் குழாயை வாங்கிக்கொண்டேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். என் மாமியார் வாண்டா, மேலங்கியைக் கழற்றிவிட்டு நேராக அடுப்பறைக்கு வந்தார். ஏப்ரனோடு நான் நிற்பதைப் பார்த்து மூர்ச்சை போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லா பண்ணு, ரஸ்ஸல்" என்று முதுகில் தட்டிவிட்டு டிவி இருக்கும் ரூமுக்குப் போய்விட்டார். கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஆட்டம் ஆரம்பித்தது. கதவு இடுக்கில் ஒரு கண்ணை வைத்தேன். முன்னறையில் என் சாய்வு நாற்காலி. அதில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அர்லீன்! அவள் அங்கிருந்தபடியே விரலை நீட்ட, நார்ம் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கஸ்ஸின் மகன்கள் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக நான் தனி ஆளாகச் செய்த வேலையை இப்படிப் பங்கு போடலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

"ஓடுறான்! ஓடுறான்! விடாதே!" என்று நார்ம் கத்தினான்.

இடுக்கில் கண்ணை அழுத்தினேன். தக்காளி வீறிட்டது.

அடுப்பைத் திறந்து, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, குனிந்து, உறிஞ்சி, ஊற்றி, புருவத்தைக் கருக்கிக்கொண்டு நிமிர்வதற்குள் வீடே அதிர்ந்தது. டச்டவுன்! யாரோ பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டான்.

"யாரு போட்டாங்க? எப்படிப் போட்டாங்க?"

"அப்புறமா சொல்றேன், செல்லம்! நீ பறவையைப் பாரு!"

ஆட்டம் முழுக்க இதே கதை. அந்தத் தக்காளிக்கு எங்கள் அணிமேல் என்ன பகையோ, பந்து கோட்டுக்குக் கிட்டே போகும்போதெல்லாம் சரியாக அலறியது. மணி அடிக்காத நேரத்தில் விளம்பரம் ஓடியது. கதவைத் திறந்து திறந்து மூடியதில் அடுப்பின் சூடெல்லாம் வெளியே போய், வான்கோழி வேகவும் இல்லை. பன்னிரண்டு பவுண்டு வாங்கியிருந்தால் எப்போதோ விடுதலையாகியிருப்பேன். அதை நினைத்தபோது உண்மையாகவே அழுகை வந்தது. கொழுப்புப் புகையில் யாருக்கும் தெரியவில்லை.

இருட்டிய பிறகுதான் வெந்தது. ஆனால் என்ன நிறம் என்கிறீர்கள்! தேன் பூசிய மாதிரி பளபளவென்று இருந்தது. மேஜையில் கொண்டுபோய் வைத்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஆட்டம்கூட மறந்துவிட்டது.

வழக்கப்படி, சாப்பிடுமுன் ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும்.

"நம்ம டீம் கடைசி நிமிஷத்துல ஜெயிச்சுதே, அதுக்கு நன்றி" என்றான் நார்ம். "இப்படி ஒரு ஆட்டத்தை என் ஜென்மத்துல பார்த்ததில்ல."

"அதை ஒரு நாற்காலியில சாஞ்சுக்கிட்டு முழுசா பார்க்க வெச்ச என் புருஷனுக்கு நன்றி" என்றாள் அர்லீன்.

என் முறை வந்தது. வான்கோழிக்குக் கைவிட்டு அடைக்க ஒரே ஒரு வயிறு வைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

மாமியார் முதல் துண்டை வாயில் போட்டார். மென்றார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"ரஸ்ஸல், பிரமாதம்! என்னமா வெந்திருக்கு!"

"கால் மணிக்கு ஒரு தடவை கொழுப்பு ஊத்தினேன், அம்மா. உங்க வீட்டு முறைப்படி" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"எங்க வீட்டு முறையா? ஊத்தறதா? எதுக்கு? வெண்ணெயில ஒரு துணியை நனைச்சு மேல போர்த்தி உள்ள தள்ளிட்டா அதுபாட்டுக்கு வேகும். அடுப்புக் கதவைத் தொடவே கூடாது. அர்லீனுக்கு நான்தானே சொல்லிக் கொடுத்தேன்."

அர்லீன் கிரேவியில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஊத்தினதும் நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமியார். "இனிமே வருஷா வருஷம் ரஸ்ஸலே பண்ணட்டும். என்ன சொல்றீங்க?" எல்லாக் கைகளும் உயர்ந்தன. நார்ம் இரண்டு கையையும் தூக்கினான்.

எல்லோரும் போன பிறகு, குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு இருந்த அந்தத் தட்டை நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அர்லீன் துடைக்கும் துணியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோபமா?"

"எப்படி அர்லீன் கண்டுபிடிச்சே? நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"போன வருஷம் ஐஸ் எடுக்க வந்தே. கதவைத் திறந்தே. ஐஸ் எடுக்காம வெறும் கிண்ணத்தோட திரும்பிப் போனே."

"பார்த்துட்டியா!"

"டிவி கண்ணாடியில உன் தலை தெரிஞ்சுது, செல்லம். அன்னிக்கு ராத்திரியே அம்மாகிட்ட சொல்லிட்டேன், அடுத்த வருஷம் வான்கோழி ரஸ்ஸல்தான்னு."